கல்லீரல் புற்றுநோய்: ரத்தச் சோதனை யாருக்கு வேண்டும்?

காஞ்சிரங்குளத்திலிருந்து பாறசாலைக்குப் போகும் வழியிலும், கேரள எல்லையைத் தாண்டி தமிழ்நாட்டின் களியக்காவிளை, மார்த்தாண்டம் வரையிலும் ரத்தப் பரிசோதனை லேப்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பார்க்க வந்தவர்கள். கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டினால் ‘முழு உடல் பரிசோதனை’. இன்னும் கூட்டினால் அதில் ‘கேன்சர் மார்க்கர்’ சேரும். அந்தப் பட்டியலில் ஏ.எஃப்.பி. என்ற மூன்றெழுத்தை அடிக்கடி பார்க்கலாம். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்பது அதன் விரிவு. கல்லீரல் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தக் குறிப்பான்களில் மூத்தது அதுதான். மருத்துவர்கள் இன்றும் அதிகம் எழுதிக்கொடுப்பதும் அதுதான்.

வேண்டாதவருக்கு இந்தச் சோதனை நடக்கிறது, வேண்டியவருக்கு நடப்பதில்லை. இதுதான் என் ஆதங்கம். ஈரலில் ஒரு கோளாறும் இல்லாத ஒருவர் வருடா வருடம் ஏ.எஃப்.பி. பார்த்து நிம்மதியாக வீடு திரும்புகிறார். ஹெபடைடிஸ் பி வைரஸை இருபது வருடமாக ரத்தத்தில் சுமப்பவரும், குடியால் ஈரல் சுருங்கிப்போனவரும், சர்க்கரையோடு கொழுப்பு படிந்த ஈரலும் உள்ளவரும் ஒருமுறைகூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கச் சொல்ல முறையான ஏற்பாடு இல்லை.

இந்த நோயின் கொடுமை அதன் மௌனம். ஈரலுக்குள் வலியை உணரும் நரம்பு கிடையாது, மேலுறைக்குத்தான் உண்டு. கட்டி பெருத்து உறையை இழுக்கும்போதோ, வயிற்றில் நீர் கோக்கும்போதோ, கண் மஞ்சளாகும்போதோதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அப்போது பல சமயம் செய்வதற்கு அதிகம் இருக்காது. 2022-ல் உலகம் முழுவதும் 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் 7.58 லட்சம். இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். ஆனால் கட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே அகப்பட்டால் கதை வேறு. ஊசி வழியாக அதைச் சுட்டுப் பொசுக்கிவிடலாம், வெட்டி எடுக்கலாம். 5 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரே கட்டி, அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களுக்கு ஈரல் மாற்று சிகிச்சை நல்ல பலன் தரும் என்று இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 1996-ல் காட்டினார்கள். இன்றைக்கும் உலகெங்கும் அந்த அளவுகோல்தான் அடிப்படை.

ஏ.எஃப்.பி.யின் கதை 1963-ல் மாஸ்கோவில் தொடங்குகிறது. கர்ப்பத்தில் வளரும் சிசுவின் ஈரல் சுரக்கும் ஒரு புரதம், பிறந்த பிறகு ரத்தத்தில் அநேகமாக மறைந்துவிடுகிறது. ஈரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் அது மறுபடியும் தோன்றுவதை காரி அபெலெவ் கண்டார். அடுத்த ஆண்டே யூரி தத்தாரினோவ் அதை மனிதர்களிடம் உறுதிசெய்தார். புற்று பிடித்த ஈரல் செல் தன் முதிர்ச்சியை இழந்து சிசுப் பருவத்துக்குத் திரும்புகிறது. மறந்துபோன புரதத்தை மீண்டும் சுரக்கிறது.

எல்லாக் கட்டியும் அப்படிச் செய்வதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம் என்று எல்லை வைத்தால், பத்துக் கட்டிகளில் ஏறத்தாழ நான்கு அந்த எல்லைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சிறிய கட்டி என்றால் தப்புவது இன்னும் அதிகம். மறுபக்கம், ஹெபடைடிஸ் முற்றும்போது புற்று இல்லாமலே ஏ.எஃப்.பி. ஏறும். கர்ப்பிணிக்கு ஏறும். ஆண்களின் விந்தகத்தில் வரும் சில கட்டிகளிலும் ஏறும். ஆகவே நல்ல ஈரல் உள்ள ஒருவரின் சீட்டில் 14 என்றோ 18 என்றோ ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் விழுந்துவிட்டால், அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள். அடுத்தடுத்து ஸ்கேன், சி.டி., இன்னொரு லேப், இன்னொரு டாக்டர். கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரியும். சுருங்கிய ஈரல் உள்ளவரின் சீட்டில் 6 என்று வந்தால், அவர் ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று ஆறு வருடம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்துவிடக்கூடும். இரண்டாவது நிலைமைதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

தனி எண்ணைவிட அது போகும் போக்கு முக்கியம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் 5, இப்போது 11, அடுத்த முறை 19 என்று ஏறினால், எல்லைக்கோட்டைத் தொடாவிட்டாலும் அது எச்சரிக்கை. அதற்கு ஒரே லேபில் பார்க்க வேண்டும். பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கருவியும் அலகும் மாறினால் எண்ணும் மாறும்.

ஏ.எஃப்.பி.யின் குறையை ஈடுகட்ட வேறு குறிப்பான்களும் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பின்னால் நம் சமையலறைச் சாமான் ஒன்று இருக்கிறது. மைசூர்ப் பருப்பில் உள்ள ஒரு புரதம், புற்றுச் செல் சுரக்கும் ஏ.எஃப்.பி.யின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். ஹெபடைடிஸில் ஏறுகிற ஏ.எஃப்.பி.யை அவ்வளவாகப் பிடிக்காது. அப்படிப் பிடிபடும் பங்குக்கு ஏ.எஃப்.பி.-எல்3 என்று பெயர். அந்த ‘எல்’ பருப்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இன்னொன்று பிவ்கா-2. ரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் அரைகுறையாகத் தயாராகி வெளியே வரும் வடிவம் அது. ஈரல் புற்றில் ஏறும். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஏறும் என்பதால் அதைக் கேட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும். 2014-ல் பிரிட்டனின் ஃபிலிப் ஜான்சன் குழுவினர் இந்த மூன்றையும் வயது, பாலினத்தோடு சேர்த்து ‘கேலட்’ என்ற மதிப்பெண்ணாக்கினார்கள். தனி ஏ.எஃப்.பி.யைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது. ஜப்பானில் மூன்று குறிப்பான்களும் காப்பீட்டில் அடக்கம். ஈரல் நோயாளிகளை ஸ்கேனோடு சேர்த்து விடாமல் தொடர்கிறார்கள். அங்கே பெரும்பாலான கட்டிகள் சிறியதாக இருக்கும்போதே அகப்படுகின்றன. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கும் சோதனைகளும் வந்துகொண்டிருக்கின்றன. நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அவை வர நாளாகும்.

குறிப்பான் எவ்வளவு கூர்மையானது என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறவர்களுக்குச் சீனாவின் இரண்டு அனுபவங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஷாங்காய்க்கு வடக்கே உள்ள சிதோங், ஈரல் புற்று கடுமையாக இருந்த ஊர். ஹெபடைடிஸ் பி உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி. பார்த்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. சோதனை செய்த குழுவில் நோய் முன்கூட்டியே பிடிபட்டது உண்மை. ஆனால் இறப்பு குறையவில்லை. ஷாங்காய் நகரில் 18,816 பேரை வைத்து நடந்த ஆய்வு வேறு. அங்கே ஏ.எஃப்.பி.யோடு அல்ட்ராசவுண்டும் சேர்ந்தது. அகப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2004-ல் வெளியான அந்த முடிவின்படி இறப்பு 37 சதவீதம் குறைந்தது. ஆய்வு நடந்த முறை பற்றி நிபுணர்களிடையே கேள்விகள் உண்டு என்றாலும், இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைத்தான் பெரிதும் நம்பி நிற்கின்றன. சிதோங்கில் ஊசி குத்தினார்கள், எண் கிடைத்தது. எண்ணுக்குப் பிறகு என்ன என்பதில்தான் இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம். அல்ட்ராசவுண்ட் மட்டும் பார்த்தால் தொடக்கநிலைக் கட்டிகளில் பாதிக்கும் குறைவாகத்தான் தெரிகின்றன, ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் அகப்படுகின்றன என்று 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டும் ஜோடியாகத்தான் பயன்படும்.

நம் பக்கத்துக்கு வருவோம். எல்லையின் இரண்டு பக்கமும் ஈரல் நோய் என்றாலே மஞ்சக்காமாலை, மஞ்சக்காமாலை என்றாலே கீழாநெல்லி. வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரிலோ பாலிலோ கலக்கிக் கொடுப்பது பாட்டிமார் காலத்துப் பழக்கம். உப்பில்லாப் பத்தியம் வேறு. ஒரு மாதத்தில் கண் வெளுத்துவிடும். கேரளத்தில் அடிக்கடி பரவும் ஹெபடைடிஸ் ஏ என்றால், கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குக் கண் வெளுக்கும். அது தானாக வடிகிற நோய். புற்றில் கொண்டுபோய் விடுவதுமில்லை. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். மஞ்சள் காட்டாது, காய்ச்சல் காட்டாது. ஈரலைச் சத்தமில்லாமல் தழும்பாக்கும்.

கீழாநெல்லியை ஏளனமாகப் பேசுவது என் நோக்கமில்லை. அதை உலக அரங்கில் நிறுத்தியதே சென்னைதான். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிய வழி திறந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையில், முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாகச் சொன்னார்கள். மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஆனால் தாய்லாந்தில் அதையே செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1990-ல் அதே லான்செட்டில் அதை எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் சென்னையின் முடிவை நிலைநாட்டவில்லை. தியாகராஜன் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அவர் குழுவின் உழைப்பை நான் மதிக்கிறேன். அதே மதிப்போடு சொல்கிறேன்: ஹெபடைடிஸ் பி உள்ளவர் கீழாநெல்லியை மட்டும் நம்பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

மணத்தக்காளிக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் ரூபி ஜான் ஆன்ட்டோவும் மாணவி லட்சுமி ஆர். நாத்தும் அந்தக் கீரையிலிருந்து உட்ரோசைடு-பி என்ற பொருளைப் பிரித்தெடுத்து, ஈரல் புற்றுச் செல்களை அது கொல்வதை எலிகள் வரை காட்டினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ‘அனாதை மருந்து’ என்ற தகுதியும் கொடுத்தது. மருந்தாக்கும் முயற்சிக்கு ஊக்கம் தரும் தகுதி அது. மருந்து என்ற அனுமதி அல்ல. நம் தோட்டத்துச் செடியிலிருந்து இவ்வளவு தூரம் போன ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது பெருமைதான். கீரைக் கடைசலால் புற்று கரையும் என்று அதை யாரும் படித்துவிடக் கூடாது.

சரி, யாருக்குத்தான் பார்ப்பது? ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் எல்லோருக்கும். என்ன காரணத்தால் சுருங்கியிருந்தாலும் சரி. அவர்களில் சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் புற்று வருகிறது. ஹெபடைடிஸ் பி சுருக்கம் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே அந்த வைரஸ் உள்ள ஆசியர்களில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள், ஐம்பதைத் தாண்டிய பெண்கள், வீட்டில் யாருக்காவது ஈரல் புற்று வந்தவர்கள் ஆகியோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் வேண்டும். கட்டி இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கணக்கிட்டு வைத்ததுதான் அந்த ஆறு மாதம்.

சுருக்கம் இருப்பதே தெரியாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், திருவனந்தபுரம் மருத்துவர்களும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்களும் இந்த மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப் பேரின் ஈரலில் கொழுப்பு இருந்தது. அத்தனை பேருக்கும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். அவர்களில் தழும்பு விழுந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரைப் பிரித்தெடுக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. லேப் சீட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்களே போதும்.

ஒரு சீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58. ஈரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 62, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 1,30,000. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. முதல் இரண்டும் கொஞ்சம் கூடுதல், பிளேட்லெட் கொஞ்சம் குறைவு. ‘லேசாத்தான் இருக்கு, கொழுப்பைக் குறைங்க’ என்று அனுப்பிவிடலாம். இப்போது வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள்: 3,596. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதினால் 130, அதை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமான 7-ஆல் பெருக்கினால் 910. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.95. இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67-ஐத் தாண்டினால் ஈரலில் கனத்த தழும்பு இருக்கக்கூடும், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ‘லேசாத்தான் இருக்கு’ என்று வீட்டுக்குப் போகவிருந்தவர்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி. பார்க்க வேண்டியவராக இருக்கக்கூடும். செல்பேசியில் ஒரு நிமிடக் கணக்கு. குடும்ப ஆரோக்கிய மையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டால் போதும். கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

ஏற்பாடுகள் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி சோதனையும் மருந்தும் இலவசம். கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் வீடுவீடாக வந்து முப்பது வயதைத் தாண்டியவர்களின் விவரம் எடுக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. வீடு தேடி வரும் இந்த ஏற்பாடுகளில் எல்லாம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இடமிருக்கிறது. ஈரலுக்கும் அதே அளவு இடம் வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சம்பந்தம் செய்கிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் அந்தக் கோட்டைப் பெரிதாக மதித்ததில்லை. வைத்தியத்துக்கும் அப்படித்தான். திருவிதாங்கூர்க் காலத்தில் இந்தக் கிராமங்களுக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிதான் பெரிய ஆஸ்பத்திரி. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் சாமர்வெல், கத்தியைப் பிடித்து நின்ற இடம் அது. அவர் பெயரில்தான் இன்று காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்போதும் ஒருவர் பாறசாலையில் ரத்தம் கொடுத்து, மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்து, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போவார். ஆனால் அவருடைய காப்பீட்டு அட்டையும் பதிவேடும் எல்லையில் நின்றுவிடும். ஆறு மாதக் கண்காணிப்பு என்பது விடாமல் நடந்தால்தான் கண்காணிப்பு. ஒரு சுற்று தவறினால் ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி எந்த அளவுக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை அரசு மருத்துவமனைகள் மூன்றும் ஈரல் நோயாளிகளுக்குப் பொதுவாக ஒரு பதிவேடு வைத்து, வராதவரைச் செல்பேசியில் கூப்பிட ஓர் ஆளைப் போட வேண்டும் என்று கேட்கிறேன். இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் நடக்கக்கூடியதுதான்.

கடைசியாக, வளைகுடாவுக்குப் போகிற இளைஞர்கள். விசாவுக்கான மருத்துவச் சோதனையில் ஹெபடைடிஸ் பி கட்டாயம். இந்தப் பகுதியில் எத்தனையோ பேருக்கு அந்த வைரஸ் தங்களிடம் இருப்பது முதன்முதலில் தெரியவருவது அங்கேதான். ‘அன்ஃபிட்’ என்று ஒரு சொல்லை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டியவன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுகிறான். வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைபடும் என்று வீட்டிலும் மறைக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் மறைத்ததை ஐம்பது வயதில் வீங்கிய வயிறு வெளியே சொல்லிவிடும். அவனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது நாலு வார்த்தை: இது கைகுலுக்கினால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், கட்டிக்கொள்ளப்போகிறவளுக்குத் தடுப்பூசி போட்டால் போதும், பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. விசா சோதனை மையங்கள் ‘அன்ஃபிட்’ எழுதும் அதே தாளில் அருகிலுள்ள அரசு ஹெபடைடிஸ் சிகிச்சை மையத்தின் பெயரையும், போக வேண்டிய கிழமையையும், மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்டுத் தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட வேண்டும். அங்கே போய் டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொருவரும், ஏ.எஃப்.பி. எப்போது தொடங்கி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைத் தன் பெயரிட்ட அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.